மெக்கானிக்கல் படித்தவர் ஏன் வி.ஏ.ஓ. ஆகிறார்?

2024 ஜனவரி கடைசியில் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 அறிவிப்பு வந்தது. முதலில் சொல்லப்பட்ட இடங்கள் 6,244. கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.), இளநிலை உதவியாளர், தட்டச்சர், வரித் தண்டலர் என்று பல பதவிகளுக்கும் சேர்த்து ஒரே தேர்வு. பெரும்பாலான பதவிகளுக்குப் பத்தாம் வகுப்புத் தேறியிருந்தால் போதும். விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். ஜூன் 9 அன்று தேர்வு முடிந்து வெளியே வந்த கூட்டத்தில் பத்தாம் வகுப்போடு நின்றவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மெக்கானிக்கல், சிவில், இ.சி.இ., ட்ரிபிள் இ படித்தவர்கள் தேடாமலே கிடைப்பார்கள்.

கல்யாண வீடுகளில் இதை ஒரு விபத்து போலத்தான் விசாரிப்பார்கள். "இன்ஜினியரிங் முடிச்சிட்டு இதையா எழுதுற?" என்று பெரியப்பா கேட்பார். பையன் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த பந்திக்கு நகர்ந்துவிடுவான். அதே பையன் வங்கியில் சேர்ந்திருந்தால் 'செட்டில் ஆயிட்டான்'. சினிமாவுக்குப் போய்ப் பெயர் வாங்கிவிட்டால் 'அப்பவே தெரியும், அவன் வேற மாதிரி'. ஸ்விக்கி பையை மாட்டியிருந்தால் யாரும் கேட்கவே மாட்டார்கள். நான்கு பேரும் ஒரே வகுப்பில், ஒரே வொர்க்ஷாப்பில் அரத்தால் இரும்பைத் தேய்த்தவர்களாக இருக்கலாம்.

பொறியியல் படித்துவிட்டு வேறு வேலைக்குப் போவதை எதிர்பாராத திருப்பம் என்று இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறோம். தமிழ்நாட்டைப் பொறுத்தவரை அந்த வியப்பின் காலம் முடிந்து ஒரு தலைமுறை ஆகிறது. எங்கள் அப்பாக்கள் காலத்தில் பி.ஏ. எந்த இடத்தில் இருந்ததோ அந்த இடத்தில்தான் இன்று பி.இ. இருக்கிறது. எந்த வேலைக்கும் அடித்தளம், எந்த வேலைக்கும் உத்தரவாதமில்லை. அப்படி ஆனதற்குக் காரணங்கள் உண்டு. அவற்றில் மாணவர்களின் சோம்பேறித்தனம் கடைசி இடத்தில்கூட வராது.

வேலை முதலில், படிப்பு பின்னால்

கிண்டி பொறியியல் கல்லூரியின் வேர் 1794இல் தொடங்கிய நில அளவைப் பள்ளி. கிழக்கிந்தியக் கம்பெனி தன் கைக்கு வந்த நிலத்தை அளந்து வரி போட வேண்டும், அதற்கு ஆள் வேண்டும். அவ்வளவுதான் நோக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ரூர்க்கி, சிப்பூர், புனே, கிண்டி என்று வரிசையாக வந்த கல்லூரிகளும் பொதுப்பணித் துறைக்கு ஆள் தயாரிக்க வந்தவையே. வாய்க்காலும் பாலமும் காத்திருந்தன, அவற்றுக்காகப் படிப்பு வந்தது. பட்டம் வாங்கியவர் வேறு எங்கே போவார் என்ற கேள்வியே எழவில்லை.

விடுதலைக்குப் பிறகும் கொஞ்சகாலம் இதே கணக்குதான். கோவை பி.எஸ்.ஜி. 1951இல், காரைக்குடி அழகப்பா 1952இல், மதுரை தியாகராசர் 1957இல், திருச்சி ஆர்.இ.சி. (இன்றைய என்.ஐ.டி.) 1964இல் வந்தன. இந்தப் பக்கம் பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டி ஆலை, நெய்வேலி நிலக்கரி, திருச்சி பெல், மின்வாரியம். கல்லூரிகள் சில, இடங்கள் சில நூறு. சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் படித்த துறையிலேயே ஓய்வு பெற்றார்கள்.

1984இல் எம்.ஜி.ஆர். அரசு சுயநிதிக் கல்லூரிகளுக்கு வழி திறந்தது. கொங்கு, மெப்கோ, கலசலிங்கம், கிரசென்ட் எல்லாம் அந்த ஆண்டு பிறந்தவை. பிறகு கல்லூரி தொடங்குவது ஊர்ப் பெரிய மனிதர்களின் தொழிலாயிற்று. அரிசி ஆலை, பேருந்து, கல்குவாரி நடத்தியவர்கள் தாளாளர் ஆனார்கள். 2006இல் வந்த சட்டம் நுழைவுத் தேர்வை நீக்கியது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200க்குக் கட்-ஆஃப் போட்டுக் கலந்தாய்வு. 2010களின் தொடக்கத்தில் மாநிலத்தில் பொறியியல் கல்லூரிகள் ஐந்நூறைத் தாண்டின. வரிசை தலைகீழானது அப்போதுதான். படிப்பு முதலில் கிடைத்தது. வேலை எங்கே என்று பிறகு தேட வேண்டியிருந்தது.

'கல் எறிந்தால் ஒரு இன்ஜினியர் மேல் விழும்' என்று கிண்டல் செய்வது நம் பேச்சாளர்களுக்குப் பிடித்த பொழுதுபோக்கு. எனக்கு அந்தக் கிண்டலில் உடன்பாடில்லை. 2001இல் வந்த கல்விக் கடன் திட்டம் நான்கு லட்சம் வரை பிணை கேட்கவில்லை. 2010இல் தமிழக அரசு முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கட்டணச் சலுகை கொடுத்தது. அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு, குடும்பத்தில் கல்லூரி வாசலையே மிதிக்காதவர்களின் பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். முக்கியமாகப் பெண் பிள்ளைகள். பக்கத்து டவுனுக்குக்கூடத் தனியாக அனுப்பாத வீடுகள், 'காலேஜ் பஸ் வீட்டு வாசலுக்கே வருது' என்ற ஒரே காரணத்துக்காக இசைந்தன. மஞ்சள் பேருந்து செய்த சமூக மாற்றத்தைப் பற்றி யாராவது ஒருநாள் முனைவர் பட்ட ஆய்வு செய்ய வேண்டும்.

நான்கு ஆண்டு முத்திரை

இவ்வளவு பேரையும் உள்வாங்கியது இரும்பும் சிமெண்டும் அல்ல, மென்பொருள். காக்னிசண்ட் 1994இல் சென்னையில் தொடங்கியது. 2000ஆம் ஆண்டு பிறந்ததும் கணினிகள் தேதியில் குழம்பிவிடும் என்ற ஒய்2கே அச்சத்தில் அமெரிக்காவுக்கு ஆள் தேவைப்பட்டது. 2000இல் தரமணியில் டைடல் பார்க் திறந்தது, பிறகு பழைய மகாபலிபுரம் சாலை முழுக்கக் கண்ணாடிக் கட்டடங்கள். கல்லூரிக்கு வந்த நிறுவனங்கள் 'எந்தப் பிரிவாக இருந்தாலும் பரவாயில்லை' என்றன. பத்தாவதிலிருந்து கல்லூரிவரை 60 சதவீதம், கையில் அரியர் இருக்கக் கூடாது, ஆப்டிடியூட் தேர்வில் தேற வேண்டும். பாய்லர் படித்தவரும் பாலம் படித்தவரும் ஒரே பேருந்தில் ஏறி மைசூருவிலோ சிறுசேரியிலோ சில மாதம் ஜாவா கற்றார்கள்.

எந்தப் பிரிவும் போதுமென்றால் பி.எஸ்சி. கணிதம் படித்தவரை எடுத்திருக்கலாமே? செலவும் குறைவு. இதற்கான பதிலில் பாதி அமெரிக்கத் தூதரகத்தில் இருக்கிறது. அங்கே போய் வேலை பார்ப்பதற்கான எச்1பி விசாவுக்கு அமெரிக்க இளநிலைப் பட்டத்துக்கு ஈடான பட்டம் வேண்டும், அங்கே அது நான்கு ஆண்டுப் படிப்பு. நம் மூன்றாண்டு பி.எஸ்சி. மட்டும் இருந்தால் மீதியை அனுபவத்தைக் காட்டி நிரப்ப வேண்டும். பி.இ. நேராகப் பொருந்தியது. வாடிக்கையாளரின் இடத்துக்கு ஆளை அனுப்புவதே தொழிலாக இருந்த நிறுவனங்களுக்கு இது சின்ன விஷயமில்லை. விப்ரோ போன்றவை பி.எஸ்சி. ஆட்களை எடுத்து, வேலை பார்த்தபடியே மேற்படிப்பும் படிக்க வைத்ததற்குப் பின்னாலும் இந்தக் கணக்கு இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். ஆக, நிறுவனங்கள் வாங்கியது வெப்ப இயக்கவியலையோ திரவ இயக்கவியலையோ அல்ல. ஆங்கிலத்தில் நடந்த, கணிதம் கலந்த, நான்கு ஆண்டு நீளமுள்ள ஒரு சான்றிதழை.

மெக்கானிக்கல் படித்தவர் மென்பொருளுக்குப் போவதுதான் எண்ணிக்கையில் மிகப் பெரிய தொழில் மாற்றம். அதை யாரும் மாற்றம் என்று சொல்வதே இல்லை. சுந்தர் பிச்சை கரக்பூர் ஐ.ஐ.டி.யில் படித்தது உலோகவியல். உலோகத்தைக் கைவிட்டுவிட்டாரே என்று எந்த உறவினரும் வருந்தியதாகத் தெரியவில்லை. சம்பளம் கூடினால் அது வளர்ச்சி. குறைந்தால்தான் 'லைன் மாறிட்டான்'.

'கோர்' வேலை, அதாவது படித்த துறையிலேயே வேலை, என்று மாணவர்கள் ஏங்குவது எங்கே போனது? இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஆலைகளுக்குக் குறைவில்லை. ஆனால் ஓர் உற்பத்தி ஆலைக்குள் ஆட்களின் அடுக்கைப் பாருங்கள். இயந்திரத்தின் முன்னால் ஐ.டி.ஐ. படித்தவரும் அப்ரெண்டிஸும். லைனைக் கவனிப்பவர் டிப்ளமோ. வடிவமைப்பும் திட்டமிடலும் செய்ய மேலே சிலர் போதும், அவர்களையும் பெயர் பெற்ற நான்கைந்து கல்லூரிகளிலேயே பொறுக்கிவிடுவார்கள். இடையில் பி.இ.க்கு என்று இருக்கும் இடம் மிகக் குறுகல். டிப்ளமோக்காரர் செய்யும் வேலையையே, கொஞ்சம் கூடுதல் சம்பளத்துக்கு, 'டிரெய்னி' என்ற பெயரில், கன்சல்டன்சி வழியாக ஓராண்டு ஒப்பந்தத்தில் செய்வதுதான் பலருக்கு வாய்த்த கோர். ஷிஃப்ட் பேருந்து, நாலு பேர் தங்கும் அறை, கேன்டீன் சாப்பாடு. ஆண்டு முடிந்ததும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. 2022இல் மறைமலை நகர் ஃபோர்டு ஆலை உற்பத்தியை நிறுத்தியபோது, கோர் என்றால் நிரந்தரம் என்று நம்பியவர்களின் கடைசி நம்பிக்கையும் ஆடிப்போனது.

மென்பொருளிலும் தொடக்கச் சம்பளம் பல ஆண்டுகளாக ஆண்டுக்கு மூன்று, மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நிற்கிறது. அறை வாடகை நிற்கவில்லை, பெட்ரோல் நிற்கவில்லை. இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டுதான் குரூப் 4க்கு வருகிறார்கள்.

ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம்

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிப்பவர்களுக்கு ஒரு பகுதி உண்டு. காலையில் திறக்கும் முன்பே பைகளோடு ஆட்கள் நிற்பார்கள். உள்ளே மேசைகளில் தண்ணீர் பாட்டில், பல நிறத்தில் ஹைலைட்டர், பழைய வினாத்தாள் கட்டு. அவற்றுக்கு நடுவே சமச்சீர்ப் பாடநூல்கள், ஆறாம் வகுப்பிலிருந்து. இருபத்தைந்து வயதுக்காரர் பிரித்தெழுதுக, எதிர்ச்சொல் தருக என்று முணுமுணுத்துக்கொண்டிருப்பார். பக்கத்திலிருப்பவர் பென்சிலால் அடிக்கோடு போட்ட பத்தியில் பதினெண்கீழ்க்கணக்கு நூல்களின் பட்டியல். குரூப் 4 தேர்வின் 200 கேள்விகளில் 100 தமிழ். அதில் 40 சதவீதம் வாங்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். ஆங்கில வழியில் நான்கு ஆண்டு படித்துவிட்டு வந்தவர்களுக்கு முதல் மாதம் வேர்வை சிந்தும்.

ஆனால் மிச்சமுள்ள கேள்விகளில் இருபத்தைந்து கணக்கும் தர்க்கமும். வேலை ஆட்கள் எண்ணிக்கை, தொட்டி நிரம்பும் நேரம், கூட்டு வட்டி. இது வளாக நேர்காணலுக்காக மூன்றாம் ஆண்டிலேயே உருப்போட்ட அதே சரக்கு. வங்கித் தேர்விலும் இதேதான். 2011இல் பொதுத்துறை வங்கிகளுக்கான ஐ.பி.பி.எஸ். பொதுத் தேர்வு தொடங்கியபோது பெரிதும் கேட்டது ஆங்கிலம், கணக்கு, ரீசனிங். வணிகவியல் படித்தவரைவிடப் பொறியியல் படித்தவருக்கே தோதான பாடத்திட்டம். இன்று பொதுத்துறை வங்கிக் கிளைக்குள் நுழைந்து கவுன்டரில் இருப்பவரிடம் என்ன படித்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், பி.காம். என்ற பதில் வந்தால் ஆச்சரியம்.

ஐ.ஏ.எஸ். தேர்வில் இது சண்டையாகவே வெடித்தது. 2011இல் முதல்நிலைத் தேர்வில் சிசாட் என்ற தாள் நுழைந்தது. அதுவும் கணக்கு, தர்க்கம், ஆங்கிலப் பத்தி. பொறியியல்காரர்களுக்கும் ஆங்கில வழிக்காரர்களுக்கும் பல்லக்குத் தூக்குகிறார்கள் என்று 2014இல் டெல்லியில் தேர்வர்கள் தெருவில் இறங்கினார்கள். 2015இலிருந்து அந்தத் தாளில் 33 சதவீதம் வாங்கினால் போதும் என்று ஆக்கினார்கள். அதனால் பொறியியல்காரர்கள் குறைந்துவிடவில்லை. 2018ஆம் ஆண்டுத் தேர்வில் முதலிடம் பெற்றவர் மும்பை ஐ.ஐ.டி. கணினி, 2020இல் அதே ஐ.ஐ.டி. சிவில், 2023இல் கான்பூர் ஐ.ஐ.டி. எலக்ட்ரிக்கல். இந்தத் தேர்வை எழுதும் பொறியியல்காரர்களில் பலர் விருப்பப் பாடமாக எடுப்பது சமூகவியல், மானுடவியல் போன்றவற்றை என்பது இன்னொரு வேடிக்கை. நான்கு ஆண்டு படித்த பாடத்தை, அதைப் படித்ததால் வாய்த்த தேர்விலேயே கைகழுவிவிடுகிறார்கள்.

வி.ஏ.ஓ. பணியில் ஒரு முரண்நகை உண்டு. சேர்ந்ததும் நில அளவைப் பயிற்சி, புலப்பட நூல் பார்ப்பது, பட்டா, அடங்கல், எல்லைக் கல். சிவில் படித்தவர் இரண்டாம் ஆண்டில் செயினும் தியோடலைட்டும் தூக்கிக்கொண்டு கல்லூரி மைதானத்தை அளந்த வேலை இங்கே மீண்டும் வருகிறது. 1794இல் கம்பெனிக்காரன் பள்ளி வைத்தது இதற்காகத்தானே.

எல்லோரும் நூலகத்தில் உட்கார்வதில்லை. திருச்சியில் பெல் ஆலையைச் சுற்றி வளர்ந்த வெல்டிங் தொழிலால் அங்கே என்.டி.டி. பயிற்சி மையங்கள் மலிந்தன. குழாய் இணைப்பை உடைக்காமல் உள்ளே விரிசல் இருக்கிறதா என்று பார்க்கும் வேலை: அல்ட்ராசோனிக், ரேடியோகிராபி, சாயம் தடவிப் பார்ப்பது. மெக்கானிக்கல் முடித்தவர் சில வாரம் படித்து 'லெவல் 2' சான்றிதழ் வாங்கினால் வளைகுடாவில் எண்ணெய் ஆலையைப் பராமரிப்புக்காக நிறுத்தும்போது நடக்கும் பணிகளுக்குப் போகலாம். இன்னொரு கூட்டம் ஃபயர் அண்ட் சேஃப்டி படித்து சேஃப்டி ஆபீசராகப் போகும். சிங்கப்பூர் போகிறவர்களில் பட்டத்தைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு, கம்பி கட்டுவதிலோ டைல்ஸ் பதிப்பதிலோ குழாய் வேலையிலோ 'டெஸ்ட் அடித்து', அதாவது திறன் தேர்வில் தேறி, வொர்க் பெர்மிட்டில் போகிறவர்களும் உண்டு. சிவகங்கை, புதுக்கோட்டை, தஞ்சைப் பக்கம் இது ரகசியமே இல்லை. வீட்டில் 'பையன் சிங்கப்பூர்ல இன்ஜினியர்' என்பார்கள். அனுப்பும் பணத்தில் தங்கை கல்யாணம் முடிந்திருக்கும்.

சென்னையிலும் சேலத்திலும் திருச்சியிலும் இரவு ஷிஃப்டில் ஒளிரும் மாடிகளில் இருப்பது ஏ.ஆர். காலிங். அமெரிக்க மருத்துவமனைகளுக்காக அங்குள்ள காப்பீட்டு நிறுவனங்களை அழைத்து, இந்தக் க்ளெய்ம் ஏன் நிலுவையில் இருக்கிறது என்று கேட்கும் வேலை. எந்தப் பட்டமும் போதும், ஆங்கிலம் பேச வேண்டும். எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்களுக்கு அது முதல் வேலையாகவும், சிலருக்கு அதுவே வாழ்க்கையாகவும் ஆகிவிடுகிறது.

பொறியியல் படித்தவர்களை விழுங்கிய இன்னொரு தொழில், பொறியியல் கற்பிப்பதே. ஐந்நூறு கல்லூரிகளுக்கு ஆசிரியர் வேண்டுமே! வேலை கிடைக்காதவர் எம்.இ. சேர்ந்தார், முடித்ததும் அதே மாதிரி ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் ஆனார், ஆலை வாசனையே தெரியாமல் ஆலையைப் பற்றிப் பாடம் எடுத்தார். சேர்க்கை குறைந்ததும் முதலில் வெட்டு விழுந்தது அவர்களுக்கே. சில கல்லூரிகள் கலை அறிவியல் கல்லூரிகளாக மாறின. கட்டடங்களே தொழில் மாற்றிக்கொண்டபோது உள்ளே இருந்தவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? 2014இல் தேசிய ஆசிரியர் கல்விக் குழு, 55 சதவீதம் வாங்கிய பொறியியல் பட்டதாரியும் பி.எட். சேரலாம் என்று விதி செய்தது. தனியார் பள்ளிகளில் கணக்கும் இயற்பியலும் எடுக்கும் பி.இ. டீச்சர்களில் பெரும்பாலோர் பெண்கள். மகப்பேற்றுக்கு முன் ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) மென்பொருள் நிறுவனங்களில் இருந்தவர்கள். குழந்தையின் பள்ளி நேரமும் தன் வேலை நேரமும் ஒத்துப்போவது ஒன்றுதான் காரணம். அதைத் 'தேர்வு' என்று சொல்லலாமா என்பது எனக்குத் தீராத சந்தேகம்.

பேட்டி எடுக்கப்படுபவர்கள்

இத்தனை பேரையும் விட்டுவிட்டு, 'பொறியியல் படித்தும் சாதித்தவர்கள்' என்று பத்திரிகைகள் போடுவது கிரிக்கெட்டும் சினிமாவும். வெங்கட்ராகவனும் ஸ்ரீகாந்தும் கிண்டியில் படித்தவர்கள். அஸ்வின் எஸ்.எஸ்.என். கல்லூரியில் ஐ.டி. கர்நாடகத்தில் கும்ப்ளே மெக்கானிக்கல், ஸ்ரீநாத் இன்ஸ்ட்ருமென்டேஷன். வெங்கட்ராகவன் காலத்தில் கிரிக்கெட்டில் காசு இல்லை, படிப்பே குடும்பத்துக்குப் பிணை. சென்னை லீக்கில் ஆட நிறுவனங்கள் வேலை கொடுத்து, ஆட்டத்துக்கு விடுப்பும் கொடுத்தன. அதாவது பட்டமும் மட்டையும் ஒன்றுக்கொன்று எதிரியாக இருக்கவில்லை. பட்டம் கீழே விரித்த வலை. அது இருந்ததால்தான் வீட்டில் கிரிக்கெட்டுக்கு அனுமதி கிடைத்தது.

கௌதம் மேனன் புதுக்கோட்டைப் பக்கம் மூகாம்பிகை கல்லூரியில் மெக்கானிக்கல். நடிகர் கார்த்தி கிரசென்டில் மெக்கானிக்கல், பிறகு நியூயார்க் மாநிலத்தில் முதுநிலை. பட்டியலை நீட்டிக்கொண்டே போகலாம், எதற்கு? காரணம் எளிது. எண்பதுகளுக்குப் பிறகு, நன்றாகப் படிக்கும் பிள்ளை எந்தக் கனவோடு இருந்தாலும் முதலில் அங்கேதான் அனுப்பப்பட்டது. பாட்டு, மிமிக்ரி, எழுத்து, குறும்படம் எல்லாம் வந்து சேர்ந்த இடமும் அதுவே. கல்ச்சுரல்ஸ் மேடைகளும், நண்பர்கள் காசு போட்டு வாங்கிய டி.எஸ்.எல்.ஆர். கேமராக்களும் விடுதி அறைகளில்தான் இருந்தன. கவின்கலைக் கல்லூரிக்கு அனுப்பச் சம்மதிக்காத அப்பாக்கள், தெரியாமலேயே கட்டணம் கட்டி ஒரு கலைப் பள்ளியை நடத்தினார்கள்.

அரசியலுக்கு வந்தால், தமிழகத்தில் எதிரெதிர் முகாம்களில் நின்று மோதிக்கொண்ட பழனிவேல் தியாகராஜன் திருச்சி ஆர்.இ.சி.யில் கெமிக்கல், அண்ணாமலை பி.எஸ்.ஜி.யில் மெக்கானிக்கல். ஒருவர் முதலீட்டு வங்கி வழியாக, மற்றவர் காவல்துறை வழியாக வந்தார்.

இந்தப் பெயர்களிலிருந்து 'துணிந்தால் வெல்லலாம்' என்று பாடம் எடுப்பது எனக்கு ஒவ்வாதது. துணிச்சலுக்கும் விலை உண்டு, அதைக் கட்ட எல்லோரிடமும் காசு இருப்பதில்லை. சிலர் வீட்டிலேயே சினிமா இருந்தது, சிலர் வீட்டில் மூன்று தலைமுறை அரசியல் இருந்தது. அதில் குற்றமில்லை. ஆனால் மாதத் தவணை கட்டவேண்டிய பையனிடம் அவர்களைக் காட்டி 'உன்னால் ஏன் முடியவில்லை' என்று கேட்பது அநியாயம். தவணை உள்ளவர்களும் தாவுகிறார்கள், ஆனால் வேறு விதமாக. மூன்று, நான்கு வருடம் மென்பொருளில் இருந்து, கடனை அடைத்து, ஓராண்டுச் செலவுக்குச் சேர்த்துவைத்து, அதன் பிறகே வேலையை விடுகிறார்கள். இயற்கை விவசாயத்துக்கோ உதவி இயக்குநராகவோ மரச்செக்கு எண்ணெய்க் கடை வைக்கவோ. 'லட்சங்களை உதறிவிட்டு வந்த இளைஞர்' என்று தலைப்புப் போடும்போது, அந்த லட்சங்கள்தான் செக்குக்கு முதல் என்பதையும் எழுதினால் நன்றாக இருக்கும்.

இப்போது எல்லோரும் கம்ப்யூட்டர் சயின்ஸ், ஏ.ஐ., டேட்டா சயின்ஸ் என்று ஓடுகிறார்கள். 2024-25 முதல், தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கு ஒப்புதல் தரும் ஏ.ஐ.சி.டி.இ. இடங்களின் உச்சவரம்பையே எடுத்துவிட்டது; பெரிய கல்லூரிகள் கணினிப் பிரிவுகளை ஊதிப் பெருக்க, சின்னக் கல்லூரிகளில் மெக்கானிக்கல் பிரிவுக்கு ஆளே வருவதில்லை. எல்லாப் பிரிவுக்காரர்களும் கடைசியில் வந்து சேர்ந்த இடமே இப்போது முதல் படியாகிவிட்டது. அந்த இடமோ சுருங்குகிறது. 2025 ஜூலையில் டி.சி.எஸ். சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. பிரிவு எதுவானாலும் எடுத்துக்கொண்ட அந்தப் பெரிய வாசல் அப்படியே திறந்திருக்கும் என்று பந்தயம் கட்ட எனக்குத் தைரியமில்லை. பட்டம் மட்டும் போதாது என்று அரசே ஒப்புக்கொண்டதன் அடையாளம்தான் 2022இல் வந்த 'நான் முதல்வன்' திறன் பயிற்சித் திட்டம். ஜோஹோ போன்ற ஒரு மென்பொருள் நிறுவனம் பன்னிரண்டாம் வகுப்பும் டிப்ளமோவும் முடித்தவர்களை எடுத்துத் தானே பயிற்சி கொடுப்பதை நீண்ட காலமாகச் செய்துவருகிறது.

ஆனால் யார் எங்கே தாவுவது என்பதைப் பாடத்திட்டத்தைவிட அதிகம் முடிவு செய்வது கடன் பத்திரத்தில் உள்ள ஒரு வரி. வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி படிப்பு முடிந்து ஓராண்டில் தவணை தொடங்கிவிடும். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மத்திய அரசு வட்டி மானியம் கொடுப்பதும் அதுவரைதான். அரசு வேலைக்கான கடிகாரம் வேறு வேகத்தில் ஓடுகிறது. 2024 குரூப் 4 தேர்வையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஜனவரியில் அறிவிப்பு, ஜூனில் தேர்வு, அக்டோபர் கடைசியில் முடிவு. அதன் பிறகுதான் சான்றிதழ் சரிபார்ப்பு, கலந்தாய்வு, பணி ஆணை. மே மாதம் கடைசி செமஸ்டர் எழுதியவர் அடுத்த ஜனவரி அறிவிப்பைப் பிடித்து, முதல் முயற்சியிலேயே தேறினாலும், பணி ஆணைக்கு முன்னால் வங்கியின் முதல் தவணை வந்து நிற்கும். ஏ.ஆர். காலிங்கும் உணவு டெலிவரியும் பல பேருடைய வாழ்க்கையில் நுழைவது இந்தச் சில மாத இடைவெளியில்தான். அந்த ஓராண்டை மூன்றாக்க எந்தப் பாடத்திட்டக் குழுவும் கூட வேண்டியதில்லை, ஒரு சுற்றறிக்கை போதும்.